திருவரங்கம் எந்தக் காலத்துக் கோயில்?

கலை வரலாற்றின் முதல் பாடம் நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஏறக்குறைய ஒரே தடத்தில்தான் போகிறது. பல்லவர் மலையைக் குடைந்தார்கள், சோழர் விமானத்தை உயர்த்தினார்கள், பாண்டியர் கோபுரத்தை வளர்த்தார்கள், விசயநகரத்தார் மண்டபங்களை விரித்தார்கள், நாயக்கர் எல்லாவற்றையும் பெரிதாக்கினார்கள். ஒவ்வொரு மரபுக்கும் ஓர் ஊர் உண்டு: மாமல்லபுரம், தஞ்சாவூர், சிதம்பரம், ஹம்பி, மதுரை. இந்தப் பட்டியலில் திருவரங்கம் பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் மிகப் பெரிய கோயில் என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது. 156 ஏக்கர் பரப்பு, ஏழு திருச்சுற்றுகள், 21 கோபுரங்கள், அறுநூறுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் என்று விரிந்து கிடக்கும் ஒரு கோயில் தொடக்கப் பாடத்திலிருந்து நழுவிப்போகிறதென்றால் குறை கோயிலில் இல்லை, பாடத்தின் ஒழுங்கில் இருக்கிறது. திருவரங்கம் எந்த ஓர் அரசனுக்கும் உரியதன்று. முதலாம் பராந்தக சோழனின் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டிலிருந்து 1987-இல் குடமுழுக்குக் கண்ட இராசகோபுரம் வரை அது கட்டப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. அரச மரபுகளின் காலவரிசை, தஞ்சைப் பெரிய கோயிலைப் போல ஒரு மன்னன் நினைத்து அவன் காலத்திலேயே எழுப்பிய கட்டடத்துக்குப் பொருந்தும். தமிழ்நாட்டில் அப்படிப்பட்டவை சில. தலைமுறை தலைமுறையாகத் திருப்பணி கண்டு வளர்ந்தவைதாம் பல. பலவற்றைப் புரியவைக்க வேண்டிய முதல் பாடத்தைச் சிலவற்றுக்கு மட்டும் பொருந்தும் ஒழுங்கில் நடத்துவது சரியில்லை. நீர், வாயில், மதில், குதிரை, கொடை என்று பொருளைப் பிடித்துக்கொண்டு காலங்களின் ஊடே போகும் பாடமே இந்த மண்ணுக்குப் பொருத்தமான தொடக்கம். அதற்குத் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும்விட நல்ல சான்று கிடைப்பது அரிது.

காலவரிசை நமக்கு வந்த வழியைச் சற்றுப் பார்க்கலாம். 1876-இல் இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை எழுதி வெளியிட்ட ஜேம்ஸ் பெர்குசன், இந்தியக் கலையின் வரலாறு சரிவின் வரலாறு என்று நம்பியவர். பழையது சிறந்தது, பின்னால் வந்தது தேய்ந்தது என்பது அவர் அளவுகோல். திருவரங்கத்தைக் கண்டபோது அந்த அளவுகோல் திணறியது. வெளியே பெரிய கோபுரங்கள், உள்ளே போகப்போகச் சிறியவை, நடுவில் எல்லாவற்றிலும் தாழ்ந்த கருவறை. இந்த அமைப்பைத் தலைகீழாக்க முடிந்தால் தென்னாட்டின் மிகச் சிறந்த கோயில்களில் ஒன்றாக இது இருந்திருக்கும் என்ற கருத்தில் அவர் எழுதினார். கண் படிப்படியாக ஏறி ஓர் உச்சியில் போய் முடிய வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அவருடைய தீர்ப்பை இன்று யாரும் அப்படியே ஒப்புவிப்பதில்லை. ஆனால் வளர்ச்சி, உச்சம், தளர்ச்சி என்ற அவருடைய கதையமைப்பு நம் பாடங்களில் அப்படியே தங்கிவிட்டது. சோழர் உச்சமென்றால் நாயக்கர் தளர்ச்சியாகத்தானே இருக்க வேண்டும்? கண்ணுக்குத் தெரியும் திருவரங்கத்தில் பெரும்பகுதி விசயநகர, நாயக்கர் காலத்தது. அது பாடத்தில் ஓரங்கட்டப்பட்டதற்கு இந்தக் கதையமைப்பே முதற்காரணம் என்பேன்.

இரண்டாவதாக வந்தவர் புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழூவோ துப்ரேய். தென்னிந்தியத் தொல்லியல் பற்றிய அவரது பிரெஞ்சு நூல் 1914-இல் வெளிவந்தது. பல்லவர், சோழர், பாண்டியர், விசயநகரர், அதற்குப் பின் நவீனம் என்ற ஐந்து காலப் பகுப்பை நிலைநாட்டியவர் அவரே. இன்றைய பாடநூல்களின் அடியில் கிடப்பது அந்தப் பகுப்புதான். அதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்பது மட்டும் பாடநூல்களில் இல்லை. அரசர் பட்டியலை வைத்துக்கொண்டு அவர் கோயில்களை அடுக்கவில்லை. தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் பொதிகை, கூரை விளிம்பில் வரும் கூடு, சுவரிலுள்ள கோட்டம் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்துக்கொண்டு கோயில் கோயிலாகத் தொடர்ந்தார். பல்லவர் குடைவரையில் வளைந்து, அலைபோன்ற தரங்கத்தோடு இருந்த பொதிகை, சோழர் காலத்தில் வெட்டுப் பொதிகையாகி நடுவே முனை நீட்டுகிறது. விசயநகரக் காலத்தில் அந்த முனை கீழே வளைந்து தொங்கி, பூமொட்டுப் பொதிகையாகிறது. இந்த உறுப்புகளின் பெயரையும் இயல்பையும் அவர் அக்காலத்தில் கோயில் வேலை செய்துகொண்டிருந்த தச்சர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதாவது, ஒரே பொருளைக் காலத்தின் ஊடே பின்தொடர்ந்ததால் கிடைத்த முடிவே அவருடைய காலவரிசை. பொருள்வழிப் பார்வை முன்னே வந்தது, ஆண்டு பின்னே வந்தது. நாம் வழியை எறிந்துவிட்டு முடிவை மட்டும் மாணவர் கையில் கொடுக்கிறோம். பொதிகையைப் பார்க்கத் தெரியாதவருக்குப் பல்லவர் 600 முதல் 850 வரை என்று சொல்வதால் என்ன விளங்கும்?

அந்தத் தச்சர்களின் கல்வியும் காலவரிசையில் நடந்ததன்று. மயமதம் போன்ற சிற்ப நூல்கள் நிலத்தைச் சோதிப்பதில் தொடங்கி அதிட்டானம், தூண், பிரஸ்தரம் என்று மேலே ஏறிச் சிகரத்துக்குப் போகின்றன. கட்டடத்தின் உறுப்பே அங்கே அத்தியாயம். பொருள்வழிக் கல்வியை மேலைநாட்டுப் புதுமோகம் என்று ஒதுக்குவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நீரை எடுத்துக்கொண்டால் திருச்சி மலைக்கோட்டையில் தொடங்கலாம். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த லலிதாங்குர பல்லவேசுவர கிருகத்தில், கருவறைக்கு எதிரே மேற்குச் சுவரில் கங்காதரர் நிற்கிறார். வானிலிருந்து இறங்கும் கங்கையைச் சடையில் ஏற்கும் காட்சி அது. அதன் இருபுறத்து அரைத்தூண்களில் வடமொழிப் பாடல்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆறுகளை விரும்பும் சிவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவானோ என்று அஞ்சிய மலைமகள், தானே இம்மலையில் வந்து தங்கி, இந்த ஆறு பல்லவனின் காதலி என்று சொல்கிறாளாம். சிற்பத்தில் கங்கை, எழுத்தில் காவிரி. சோழநாட்டின் ஆற்றைத் தன் துணைவி என்று சொல்லிக்கொள்ளும் வடக்கத்தி அரசன் ஒருவனின் ஆசை அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பல்லவர் கலை என்ற தலைப்பின்கீழ் இதைப் படிக்கும் மாணவர், தூண் சதுரம் கட்டு சதுரம் என்று அமைந்திருப்பதைக் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். நீர் என்ற தலைப்பில் படிப்பவர் அங்கிருந்து திருவானைக்காவுக்குப் போவார். அங்கே கருவறைக்குள் ஊறும் நீரே இறைவனின் வடிவம், ஐம்பூதத் தலங்களில் அது அப்புத்தலம். பிறகு நாயக்கர் காலத் தெப்பக்குளம். பிறகு திருவரங்கத்துக்கு யானைமேல் வந்துசேரும் தீர்த்தக்குடம். ஆடி மாதத்தில் காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளும் உற்சவர் நம்பெருமாள் காவிரிக்குச் சீர்வரிசை அனுப்பும் மரபும் இந்தத் தொடரில் சேரும். பல்லவனுக்குக் காதலியாக இருந்த ஆறு இங்கே பெருமாளிடம் சீர் பெறும் உறவாகிவிட்டது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளின் மாற்றத்தை மாணவர் இப்படித்தான் உணர முடியும். ஒவ்வொரு நிலையத்திலும் காலம் தேவைப்படுவதால் ஆண்டுகளும் தாமாகவே மனத்தில் பதியும்.

பெர்குசன் குறைகண்ட இடத்துக்கு வருவோம். வாயில் என்ற பொருளைக் கொண்டு பார்த்தால் அவர் கண்ட முரண் மறைந்துவிடுகிறது. கருவறையை இடித்துப் பெரிதாக்கும் எண்ணம் திருவரங்கத்தில் எடுபடாது. அங்கே அரங்கன் பள்ளிகொண்டிருக்கிறான். விமானத்துக்குப் பொன் வேயலாம், பதின்மூன்றாம் நூற்றாண்டில் சடையவர்மன் சுந்தரபாண்டியன் அதைச் செய்து பொன் வேய்ந்த பெருமாள் என்று பெயர் பெற்றான். ஆனால் உயரம் கூட்ட முடியாது. புதிதாகச் செய்ய விரும்பியவர்களுக்கு வெளிப்புறமே திறந்திருந்தது. ஒவ்வொரு தலைமுறையும் இன்னொரு சுற்றை, இன்னொரு வாயிலைச் சேர்த்தது. தொலைவிலிருந்து வருபவருக்குத் தெரிய வேண்டிய வாயில் உயர்ந்தது. மதில்களின் பெயர்களைப் பாருங்கள்: தர்மவர்மன் என்ற புராணச் சோழன், இராசமகேந்திரன், திருமங்கையாழ்வார், அகளங்கன் என்ற விருதுகொண்ட விக்கிரம சோழன். புராணமும் வரலாறும் பக்தியும் வரிசை பாராமல் கலந்து நிற்கின்றன. தெற்கு வாசலில் நுழைந்து உள்ளே நடப்பவர், 236 அடி உயரத்தில் 13 நிலைகளோடு நிற்கும் 1987-ஆம் ஆண்டுக் கோபுரத்தில் தொடங்கி, கடைத்தெருவையும் குடியிருப்பு வீதிகளையும் கடந்து, நாயக்கர், விசயநகரர், பாண்டியர், சோழர் என்று பொதுவாகப் பின்னோக்கிப் போகிறார். பாடநூலின் வரிசை இங்கே கால்களுக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது.

இராசகோபுரமே தனியாகப் பேசத் தக்கது. அடித்தளக் கல்வேலையோடு பல நூற்றாண்டுகள் நின்றுபோய், ஊரார் வாயில் மொட்டைக் கோபுரமாக இருந்தது. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த போரில் திருப்பணி தடைப்பட்டதென்று பெர்குசன் எண்ணினார். 1752-இல் இக்கோயில் மதில்களுக்குள் பிரெஞ்சுப் படை தங்கியிருந்ததும், அதன் தளபதி ழாக் லா ஜூன் மாதம் ஆங்கிலேயரிடம் சரணடைந்ததும் உண்மை. மதில் கோட்டையாகவும் பயன்பட்ட காலம் அது. கடைசியில் 1979-இல் அகோபில மடத்து 44-ஆம் பட்டம் ஜீயரின் முயற்சியில் வேலை தொடங்கி, பொதுமக்கள் கொடையும் சேர, எட்டே ஆண்டுகளில் கோபுரம் எழுந்தது. கல் அடித்தளத்தின்மேல் நம் காலத்துச் செங்கல்லும் சிமெண்டும். இதை விசயநகரக் கலை என்பதா, இருபதாம் நூற்றாண்டுக் கலை என்பதா? மரபுவரிசைப் பாடத்தில் இதற்கு அறையே இல்லை. கொடை, திருப்பணி என்ற தலைப்பில் வைத்தால், பொன் வேய்ந்த பாண்டியன், குடும்பத்தோடு ஆளுயரச் சிலையாகக் கோயிலுக்குள் கைகூப்பி நிற்கும் விசயரங்க சொக்கநாத நாயக்கர், 1987-இல் பணம் தந்த எண்ணற்ற குடும்பங்கள் என்று ஒரு நேர்கோடு தெரிகிறது. அரசர் போய்விட்டார், செயல் தொடர்கிறது.

சேஷராயர் மண்டபத்துக் குதிரைகளைக் கண்டு வியக்காதவர் இல்லை. ஒரே கருங்கல்லில், பின்னங்கால்களில் எழுந்து பாயும் குதிரை, மேலே வீரன், கீழே ஈட்டி பாய்ந்த புலி, குதிரையின் வயிற்றுக்கடியில் வாளேந்திய துணைவர். பாடநூலில் இவை நாயக்கர் காலத் தூண் வகைக்கு ஓர் எடுத்துக்காட்டு. அதோடு முடிந்தது. அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கடல்வழி வந்த குதிரைகளை நம்பிப் படை நடத்திய அரசுகளின் காலம் அது என்பதை மாணவருக்குச் சொல்ல வேண்டாமா? மண்டபத்தை அடுத்து ஆயிரங்கால் மண்டபம், இடையே மணல்வெளி. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய இராப்பத்தின் எட்டாம் நாள் அந்த மணல்வெளியில் நம்பெருமாள் தங்கக் குதிரை வாகனத்தில் ஏறி வருகிறார். வழிப்பறிக்காரனாக இருந்த திருமங்கை மன்னன் அவரை மடக்குகிறான். வேடுபறி என்ற இந்த நிகழ்ச்சி முடிகையில் கள்வன் அடியவனாகிறான். கல்லில் உறைந்த பாய்ச்சலும் ஆள்கள் தோளில் ஓடிவரும் தங்கக் குதிரையின் பாய்ச்சலும் சில அடி தூரத்தில் எதிரெதிரே இருக்கின்றன. சிற்பி எந்த அசைவை மனத்தில் வைத்துக் கல்லை வெட்டினான் என்ற கேள்வியை இங்கே நின்றுதான் கேட்க முடியும். சுற்றுப்புற ஊர்களில் ஐயனாருக்கு நேர்ந்துவிடும் மண்குதிரைகளையும் சேர்த்துக்கொண்டால், வேளார் சுட்ட மண்ணும் அரசன் வெட்டுவித்த கல்லும் ஒரே பாடத்தில் சமமாக அமர்கின்றன. வகுப்பறையில் பெரிதும் சிறிதுமாக ஏற்றத்தாழ்வு கண்டிருக்கும் கலைகளை ஒன்றாக உட்காரவைப்பது சிறு காரியமில்லை.

அரச வரிசை விட்டுவிடும் பொருள்கள் திருச்சியில் இன்னும் உண்டு. உறையூர் அகழாய்வில் கிடைத்த சாயத்தொட்டி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வூர் ஓவியர்கள் மைக்கா தகடுகளில் தீட்டி வெளிநாட்டவருக்கு விற்ற தொழிலாளர், இசைவாணர், ஊர்வல உருவங்கள். நெட்டியில் செதுக்கிய கோயில் மாதிரிகள். நாயக்கர் ஆட்சியோடு கதை முடிந்துவிடுவதால் இவற்றைக் கலை என்று சொல்லவே பாடம் தயங்குகிறது.

எதிர்வாதம் வலுவானது, அதை மழுப்பக் கூடாது. காலவரிசை இல்லாவிட்டால் மாணவர் எல்லாவற்றையும் ஒரே பழமையாகக் குழப்பிக்கொள்வார், மூவாயிரம் ஆண்டுக் கோயில் என்ற பேச்சுக்குப் பலியாவார் என்கிறார்கள். கவலை நியாயமானது. ஆனால் இத்தனை தலைமுறையாகக் காலவரிசையையே கற்பித்தும் அந்தக் குழப்பம் தீரவில்லையே. கண்ணில் படும் கருங்கல் எல்லாம் சோழர் காலம் என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. சோழர் என்ற பெயர் மனத்தில் இருக்கிறது, சோழர் பொதிகை எப்படி இருக்கும் என்ற அடையாளம் கண்ணில் இல்லை. மேலும் பாணியை மட்டும் நம்பிக் காலம் சொல்வது அறிஞர்களுக்கே ஆபத்தானது. திருவரங்கத்து வேணுகோபாலன் சன்னிதியின் புறச்சுவரில் வீணை மீட்டும், கண்ணாடி பார்க்கும் மகளிரைப் போசளர் காலத்தவர் என்று கருதியவர்களும் உண்டு, நாயக்கர் காலத்தவர் என்பவர்களும் உண்டு. முன்னோரின் பாணியை விரும்பி மீண்டும் கையாண்ட சிற்பிகள் இருந்தார்கள். பழமையைத் திரும்ப எடுத்தாளுதல் என்பதையே ஒரு பொருளாக வைத்தால்தான் இச்சிக்கல் மாணவருக்குத் தெரியும்; வரிசை அதை மறைத்துவிடுகிறது.

ஆசிரியர் தம் காலத்து விருப்பங்களைப் பொருள் என்ற பெயரில் பழங்கலைமேல் ஏற்றிவிடுவார் என்பது இன்னொரு தடை. இதில் உண்மை இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு இலண்டனில் திறக்கப்பட்ட டேட் மாடர்ன் காட்சியகம் தன் படைப்புகளைக் காலம் விட்டு நிலக்காட்சி, அசையாப் பொருள், உடல், வரலாறு என்று பிரித்து வைத்தது. மோனேயின் அல்லிக்குளத்துக்கு அருகே ரிச்சர்ட் லாங்கின் படைப்பை வைத்ததைப் பலர் கண்டித்தார்கள். இரண்டும் இயற்கை என்பதைத் தவிர அவற்றுக்குள் உறவு என்ன என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி சரியானது. தலைப்பு மேலிருந்து ஒட்டப்பட்டால் பாடம் வெறும் ஒப்புமை விளையாட்டாகிவிடும். ஆகவே பொருள் அந்த இடத்திலேயே விளைந்ததாக இருக்க வேண்டும். நீரும் வாயிலும் மதிலும் கொடையும் திருவரங்கத்தில் யாரும் கொண்டுவந்து ஒட்டியவையல்ல. கல்வெட்டு எழுதியவனும் கோயிலின் வரலாற்று நூலான கோயில் ஒழுகைத் தொகுத்தவரும் பேசியவை அவற்றைத்தான். அதிகாரம், அடையாளம் போன்ற பொதுத் தலைப்புகளை முதலாண்டில் தவிர்ப்பது நல்லது என்றே கருதுகிறேன்.

வரிசை இல்லாமல் சொல்லவே முடியாத நிகழ்ச்சிகளும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1311-இல் மாலிக் காபூரின் படை, 1323-இல் துக்ளக் படை, அரங்கன் ஊர் ஊராகப் போன நெடும் பயணம், 1371-இல் விசயநகரத் தளபதி கோபண்ணர் திரும்ப எழுந்தருளச் செய்ததைக் கூறும் கல்வெட்டு. இவற்றை முன்பின் மாற்றிச் சொன்னால் பொருளே கெட்டுவிடும். ஆனால் அதே நினைவு கோயிலுக்குள் வேறு வடிவிலும் வாழ்கிறது: அரங்கனை நாடிவந்த சுல்தானின் மகள் என்று மரபு சொல்லும் துலுக்க நாச்சியாரின் சன்னிதியில் சிலை இல்லை, சுவரில் ஓவியம்தான், படையலில் ரொட்டியும் வெண்ணெயும். ஆண்டு பொறித்த கல்வெட்டு ஒருபுறம், ஆண்டு சொல்ல முடியாத ஓவியமும் உணவும் மறுபுறம். காலவரிசைப் பாடம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளும். படையெடுப்பை ஒரு சமுதாயம் எப்படி நினைவில் வைத்தது, பகையை எப்படி உறவாக்கிக்கொண்டது என்பதை அறிய இரண்டும் வேண்டும். பொருள்வழிப் பாடம் ஆண்டுகளைத் துரத்துவதில்லை, அவற்றுக்கு வேலை கொடுக்கிறது.

தேர்வு, பாடத்திட்டக் குழு, ஆசிரியர் பயிற்சி என்று நடைமுறைத் தடைகள் பல. அவை தீர்க்கக் கூடியவை. 2015-இல் குடமுழுக்குக் கண்ட திருவரங்கத் திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருது கிடைத்தது. அடைபட்ட நீர்வழிகளையும் பின்னாளில் முளைத்த சுவர்களையும் சீர்செய்த வேலை அது. எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்ற முடிவை எடுப்பவருக்கு அரசர் பட்டியல் துணைசெய்யாது, ஒவ்வோர் உறுப்பும் ஏன் அங்கே இருக்கிறது என்ற அறிவே துணைசெய்யும். அந்த அறிவுள்ளவர்கள் உள்ளூரிலேயே உருவாக வேண்டும். திருச்சியில் கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் முதல் பருவ வகுப்புகளில் சிலவற்றையாவது மலைக்கோட்டைக் குடைவரையிலும் சேஷராயர் மண்டபத்திலும் நடத்தட்டும். அரச மரபுகளின் பட்டியலை இரண்டாம் பருவத்தில், மாணவர் பொதிகையைப் பார்த்துக் காலம் சொல்லத் தொடங்கிய பிறகு, கொடுக்கட்டும்.